நெவ் டிப்பெட்டின் இடது இமை

நெவ் டிப்பெட்டுக்கு இடது கண்ணிமை பாதிதான் திறக்கும். பிறவியில் வந்ததல்ல. எங்கள் கம்பெனிக்காக இரும்புக் குழாய் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, மாற்றித் தாருங்கள் என்று அவன் பலமுறை கேட்டும் மாற்றாத பழைய சங்கிலி அறுந்து முகத்தில் அடித்தது. கண் தப்பியது, இமையைத் தூக்கும் தசை போய்விட்டது. கம்பெனி ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கூடை அனுப்பி வைத்தது. அதில் இருந்த வாழைப்பழம் எல்லாம் கறுத்துப் போயிருந்ததாக நெவ் சொல்வான்.

பார்வையில் குறை ஒன்றும் இல்லை. வருடா வருடம் டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போடுவார். பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் நடுவே நல்லர்போர் சமவெளியை இரண்டு டிரெய்லர் கோத்த வண்டியோடு ஆயுள் முழுக்கக் கடந்துகொண்டிருந்தவன் அவன். கங்காருவைத் தவிர வேறு எதன் மீதும் மோதியதில்லை. நானும் அதே பாதையில் அதே கம்பெனிக்கு ஓட்டுகிறவள்தான். எதிரே வரும் வண்டி நெவ்வுடையது என்று தெரிந்தால் எனக்குத் தோள் இறுக்கம் தளர்ந்துவிடும். எல்லோர் வண்டியையும் பார்த்து அப்படித் தளர முடியாது.

கம்பெனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் டிரெய்லர்களின் இரண்டு பக்கத்திலும் 'எங்கள் குடும்பம் இந்தச் சாலையில்' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும். அந்தக் குடும்பத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் கூலி. சக்கரம் சுற்றினால் காசு. கிடங்கு வாசலில் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தால் அது எங்களுடைய சொந்தப் பொழுதுபோக்கு. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையளவு மெத்தையில்தான் படுக்க வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் ஏசி ஓடும். வண்டி நின்றுவிட்டால் சற்று நேரத்தில் எஞ்சின் தானாக அணைந்துவிடும்படி செய்து வைத்திருக்கிறார்கள். டீசல் மிச்சமாம். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தும்போது உள்ளே நாங்கள் பேக்கரி ரொட்டி மாதிரி வெந்துகொண்டு கிடப்போம். ஓய்வெடுத்தோம் என்று பதிவாகிவிடும். சட்டத்துக்கு அது போதும்.

அப்படிப்பட்ட கம்பெனிக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது: ஓட்டுநர்களுக்குத் தூக்கம் வருகிறதாமே? ஏசியை ஓட விட்டிருக்கலாம். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்திருக்கலாம். அதையெல்லாம் செய்யாமல், ஸ்டீயரிங்குக்கு முன்னால் எங்கள் முகத்தைப் பார்த்தபடி ஆளுக்கொரு கேமரா பொருத்தினார்கள். இமை மூடினால் அது அலறும், சீட் குலுங்கும், தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போகும். நாங்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தோம்.

கேமராவோடு கூட ஹேடன் கிரீவ் என்ற ஒருவனும் வந்து சேர்ந்தான். பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு மேலாளர். முப்பது வயதிருக்கும். அழுக்குப் படாத மஞ்சள் சட்டையும், எதையும் மிதிக்காத பூட்ஸும் போட்டிருப்பான். யாரைப் பார்த்தாலும் 'நண்பா' என்பான். எங்கள் பக்கத்தில் மேலாளர் ஒருவன் நண்பா என்று ஆரம்பித்தால், அடுத்து வருவது நமக்கு நல்லதாக இருக்காது.

முதல் பயணத்திலேயே மாமியார் நெவ்வைப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்ப்பது ஓட்டுநரின் இடது கண்ணை மட்டும்தான்; பாதி மூடிய இமை அவளுக்குத் தூக்கம். பெர்த்தை விட்டதிலிருந்து சீட் குலுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பல்லடோனியாவில் டீசல் போட நிறுத்தியபோது நான் அவனைப் பார்த்தேன். ஒரு கையில் ஐஸ் காப்பி டப்பா, இன்னொரு கை இடுப்பில்.

"என்ன நெவ், இடுப்பு பிடிச்சிருச்சா?"

"கழுதை மேல உக்காந்து வந்த மாதிரி இருக்கு டெல்மா. நடுவுல போன் வேற."

"யார் கிட்ட இருந்து?"

"கேமராவைப் பாக்குற ஆபீஸாம். மணிலாவுல இருக்காம். ஒரு பொண்ணு, நல்ல மரியாதையான பொண்ணு. 'ஐயா, நீங்க தூங்குறீங்களா'ன்னு கேக்குது. தூங்கினா உன் போனை எப்படிம்மா எடுப்பேன்னேன். 'அந்தக் கேள்விக்கு எங்க கிட்ட பட்டன் இல்லீங்க ஐயா'ங்குது."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்தப் பெண் அதற்கப்புறம் செடுனா வரும்வரை பதினோரு முறை அழைத்தாளாம். கடைசியில் இரண்டு பேரும் அவளுடைய அம்மாவின் முழங்கால் வலி பற்றியே பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவளும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவள்தானே.

பெர்த் திரும்பியதும் நெவ் டாக்டர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹேடனிடம் போனான். கேமராவை இவன் முகத்துக்கு ஏற்றபடி மாற்ற முடியாதா என்று கேட்டான். ஹேடன் ரொம்ப நேரம் தலையாட்டிவிட்டு, "நண்பா, மெஷின் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்காக மாத்தினா அது பாரபட்சம் ஆயிரும்" என்றானாம். பிறகு அவனே வழியும் சொல்லியிருக்கிறான். இமையைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. நெவ் சொந்தச் செலவில், சொந்த விடுமுறையில் செய்துகொள்ளலாம். கம்பெனி தடை சொல்லாது. இல்லாவிட்டால் பெர்த் யார்டில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம், பாதிச் சம்பளத்துக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷனுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு.

அடுத்த முறை நெவ்வைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இமையை மேலே இழுத்து, புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தான். ஒரு கண் சாதாரணமாக இருக்க, இன்னொன்று பேயைப் பார்த்தது போல் விரிந்திருந்தது.

"இது என்ன கூத்து?"

"மாமியாருக்குப் புடிச்சிருக்கு. காலையில இருந்து சத்தமே இல்ல."

"கண்ணு எரியலையா?"

"எரியுது. சிமிட்ட முடியல பாரு. சொட்டு மருந்து வெச்சிருக்கேன்."

"காஞ்சு போயிரும்யா. பிச்சு எறி அதை."

"பிச்சா ஃபோர்க்லிஃப்ட். பரவால்லையா உனக்கு?" என்றான் நெவ்.

அப்படியே ஓட்டினான். கண் சிவந்தது. தண்ணீராய் வழிந்தது. சாயங்காலம் மேற்கே போகும்போது வெயில் நேராக அடித்தால் அந்தக் கண்ணில் எல்லாமே தண்ணீருக்குள் இருப்பது போல் தெரிகிறது என்றான். முன்பு நன்றாகப் பார்த்த கண்ணை, பாதுகாப்புக்காகக் குருடாக்கிக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு மட்டும் பரம திருப்தி. அவள் பார்க்கும் கண் எப்போதும் திறந்திருப்பதால், இவன்போல் விழிப்பானவன் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஜனவரியில் அது நடந்தது. அடிலெய்டில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்ற நானும் நெவ்வும் நின்றோம். மாலையில் வரச் சொன்னவர்கள் மறுநாள் காலை வரை ஏற்றவில்லை. ராத்திரியிலும் அனல். எஞ்சின் அணைந்து அணைந்து போனது. ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்தேன், தூக்கம் வரவில்லை. நெவ்வும் அப்படித்தான் கிடந்திருப்பான். காலையில்தான் ஏற்றி முடித்தார்கள்; பெர்த்தில் எப்போது இருக்க வேண்டும் என்ற நேரம் மட்டும் மாறவே இல்லை.

அன்று சாயங்காலம், செடுனாவுக்கு மேற்கே, அவன் முன்னால், நான் பின்னால். சாலை நேர்கோடு. திடீரென்று அவன் பின் டிரெய்லரின் இடது சக்கரங்கள் தாரை விட்டு இறங்கின. சரளைக்கல் புழுதி கிளம்பியது. காற்று தள்ளியிருக்கும், திருப்பிவிடுவான் என்று நினைத்தேன். திருப்பவில்லை. முன் டிரெய்லரும் இறங்கியது. பிரேக் விளக்கு எரியவே இல்லை.

ரேடியோவை எடுத்துக் கத்தினேன். "நெவ். நெவ். இடது பக்கம் எறங்கிட்டே. எந்திரி. நெவ்."

பதில் இல்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே மறுபடி கத்தினேன். வண்டி மொத்தமும் உப்புத் தரையில் வளரும் புதர்களை ஒடித்துக்கொண்டு போனது. பின் டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அங்கேயே யோசிப்பது போல் நின்று, திரும்பச் சக்கரங்களின் மேலேயே விழுந்தது. அப்போதுதான் பிரேக் விளக்கு எரிந்தது. அவன் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பவில்லை. அது ஒன்றுதான் அவனைக் காப்பாற்றியது. புதர்கள் மேலேயே நேராக ஓட்டிக்கொண்டு போய் மெதுவாக நிறுத்தினான்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பிளாஸ்திரி ஒட்டிய கண் வண்டியின் முன்கண்ணாடியை வெறித்துக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டேன் டெல்மா" என்றான். "கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டே தூங்கிட்டேன்."

மேலே பார்த்தேன். கேமராவின் சின்னப் பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. சீட் குலுங்கவில்லை. மணிலாவிலிருந்து போன் வரவில்லை. இரண்டு பேரும் வண்டி நிழலில் ஈக்களை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்திரியை நான்தான் உரித்தேன். புருவ முடியும் சேர்ந்து வந்தது.

வண்டியைப் புதரிலிருந்து ரோட்டில் ஏற்றி, யாரிடமும் சொல்லாமல் பெர்த் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை யார்டில் விருந்து. ரொட்டிக்குள் ஒரு சாசேஜ், கொஞ்சம் வதக்கிய வெங்காயம்; எங்கள் கம்பெனியின் பெருந்தன்மை அதற்கு மேல் போனதில்லை. ஹேடன் மைக்கைப் பிடித்தான். இந்தக் காலாண்டில் ஒரே ஒரு ஓட்டுநர் நூற்றுக்கு நூறு விழிப்பு மதிப்பெண் வாங்கியிருக்கிறார் என்றான். ஆரம்பத்தில் அவருக்குச் சில சிரமங்கள் இருந்தன, நம் வழிகாட்டுதலை ஏற்று அவர் தன்னை மாற்றிக்கொண்டார் என்றும் சொன்னான். பெயரைச் சொன்னபோது எல்லோரும் திரும்பி நெவ்வைப் பார்த்தோம். இடது கண் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

பரிசு ஒரு தலையணை. நல்ல விலையுள்ள தலையணை என்று ஹேடன் சொன்னான்.

நெவ் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு மைக்கைக் கேட்டான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்துக் கொடுத்துவிட்டான் ஹேடன்.

"போன செவ்வாக்கிழமை நான் ஓட்டிக்கிட்டே தூங்கினேன்" என்றான் நெவ். குரலை உயர்த்தவே இல்லை. "செடுனா தாண்டி, ரோட்டை விட்டு எறங்கி, புதருக்குள்ள. உங்க மெஷினுக்குத் தெரியல. கண்ணுல பிளாஸ்திரி போட்டிருந்தேன். வண்டி வலது பக்கம் சாஞ்சு, எதிர்ல குடும்பத்தோட ஒரு கார் வந்திருந்தா இன்னிக்கு சாசேஜ் திங்க நான் இருக்க மாட்டேன், அவங்களும் இருக்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

ஹேடன் சிரித்தான். ஜோக் என்று நினைத்தானோ, ஜோக்காக ஆக்கிவிடலாம் என்று நினைத்தானோ. "நெவ் எப்பவும் இப்படித்தான்" என்றான்.

"நான் பின்னால வந்துட்டு இருந்தேன்" என்றேன். "பாத்தேன். ரேடியோவுல நான்தான் எழுப்பினேன்."

அதன் பிறகு யாரும் சாப்பிடவில்லை. பாதி சாசேஜோடு நின்றார்கள்.

திங்கட்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பாதுகாப்புக் கருவியை ஏமாற்றியது பெருங்குற்றம் என்றான் ஹேடன்.

"கருவியில நான் கை வெக்கல. என் கண்ணுலதான் வெச்சேன்."

"பிளாஸ்திரி போட்டது தப்பில்லையா, நண்பா?"

"தினமும் என் மூஞ்சி உங்க திரையில வந்துச்சே. புருவத்துல இவ்வளவு பெரிய பிளாஸ்திரி. ஒருத்தர் கூடவா பாக்கல?"

ஹேடன் கொஞ்சம் கூட வெட்கப்படாமல், "மதிப்பெண் சரியா இருந்தா நாங்க படத்தைத் திறக்க மாட்டோம்" என்றான். அது ஏதோ நிர்வாகத் திறமை என்பது போல் சொன்னான்.

நெவ்வை அன்றே நீக்கினார்கள். நடந்ததை உடனே தெரிவிக்கவில்லை என்று எனக்கு எச்சரிக்கைக் கடிதம். தொழிற்சங்கம் வழக்குக்குப் போனதும் கம்பெனி இறங்கி வந்தது. கணிசமான தொகை தருகிறோம், ஆனால் இதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று கையெழுத்துக் கேட்டார்கள். நெவ் போடவில்லை. "என் வாழ்க்கையில சொல்ற மாதிரி நடந்தது இது ஒண்ணுதான். இதையும் வித்துட்டா பப்புல பீரோட உக்காந்து எதைப் பேசுறது?" என்றான். கடைசியில் அதில் பாதிதான் கிடைத்தது. வாய் அவனிடமே இருந்தது.

கம்பெனியும் பாடம் கற்றுக்கொண்டது. யார்டு கழிப்பறைச் சுவர்களில் புது அறிவிப்பு ஒட்டினார்கள்: பணியின்போது கன்னத்துக்கு மேல் பிளாஸ்திரி அணியத் தடை. ஏசி இன்னும் அணைகிறது. ஹேடனுக்கு மெல்போர்னில் பெரிய பதவி கிடைத்தது. இப்போது நாடு முழுவதற்கும் நண்பன்.

அறுவடைக் காலத்தில், அதே பாதையில் இருக்கும் உடின்னா ஊரில் நெவ்வைப் பார்த்தேன். கோதுமைக் கிடங்கில் லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். ஐரிஸ் ஷில்லிங் என்ற பண்ணைக்காரிக்கு ஓட்டுகிறானாம். கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இமை பழையபடி பாதியில் தொங்கியது. எனக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

"எப்படி இருக்கா உன் புது முதலாளி?"

"வாய் ஜாஸ்தி. என்னைத் தண்டச்சோறுங்கிறா. சாயங்காலமானா வண்டியை நிறுத்திட்டு வீட்டுக்குப் போய்யான்னு வெரட்டுறா. கண்ணு செவந்திருந்தா சாவியைப் புடுங்கிக்கிறா."

"கேமரா?"

"அவளே வந்து மூஞ்சியைப் பாக்குறா" என்றான் நெவ்.

முன்னால் வரிசை நகர்ந்தது. அவன் ஏறிப்போய் வண்டியை ஒரு லாரி நீளம் நகர்த்திவிட்டு மறுபடி இறங்கி வந்தான். பொட்டலத்தைப் பிரித்து, குளிர்ந்த ஆட்டிறைச்சி வைத்த ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தான். ஐரிஸ் கட்டிக் கொடுத்ததாம். உப்பு அதிகம். இரண்டு பேரும் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு தின்றோம்.