எட்டு சாரதிக்கு நடந்த கொலை

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நாவலை எழுதிய அத்தான். எழுதவிட்ட அக்கா. பேய்க்கதை எழுதும் மருந்துக்கடைக்காரர். காதல் நாவல் எழுதும் வக்கீலம்மா. வேற்றுக்கிரகத்தைப் பற்றி ஏழு பாகம் எழுதிவிட்டு எட்டாவதற்குக் கிரகம் தேடிக்கொண்டிருந்த டிரைவிங் ஸ்கூல்காரர். நான். சோபாவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் நாற்பது பிரதிகள்.

அக்காவையும் என்னையும் தவிர மற்ற நால்வரும் ஒரு சங்கம். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியதைத் தாங்களே அச்சடித்துக்கொள்பவர்கள். விதி ஒன்றுதான்: ஒருவர் புத்தகத்துக்கு மற்ற மூவரும் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை நான்கு போட்டுவிட்டு, விரல் வழுக்கிவிட்டது என்று வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார்.

நான் இராவேலையை விட்டதிலிருந்து அத்தான் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். இப்படித் தாங்களே வெளியிடுபவர்களின் நாவல்களைத் தேடிப் படித்து என் இணையப் பக்கத்தில் எழுதுகிறேன். மூவாயிரம் பேர் படிக்கிறார்கள். பொய் சொல்ல மாட்டான் என்பது மட்டும்தான் எனக்கு இருக்கும் பெயர். அந்தப் பெயர் தன் மறுபதிப்பின் பின்னட்டையில் வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை.

காலையிலேயே அக்கா மாடிக்கு வந்தாள்.

"நாலு நல்ல வார்த்தை சொல்லிடுடா. இந்த ரூம்ல உக்காந்து எழுதணும்னு ஒரு மாசமா முணுமுணுத்துட்டு இருக்காரு. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன்."

"நீ படிச்சியாக்கா?"

"முன்னுரை வரைக்கும். எனக்கு நன்றி சொல்லியிருந்தாரு. அது போதும்னு மூடி வெச்சுட்டேன்."

நான் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்திருந்தேன். பதினேழாம் அத்தியாயத்தை மூன்று முறை.

நாவலைப் பற்றிப் பேசும் கூட்டம் தொடங்கியதும் வக்கீலம்மா தொண்டையைச் செருமினார். "'எட்டு சாரதிக்குக் கொலை நடந்தது.' எட்டு மணின்னு யார் வேணா எழுதுவாங்க. காலம்தான் சாரதி, அதுதான் நம்மள ஓட்டிட்டுப் போகுதுன்னு ஒரே வரியில சொல்லிட்டீங்களே!"

அத்தான் புருவத்தைச் சுருக்கினார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"'பெண்சாரதி கதவைத் திறந்தாள்,'" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "பொம்பளைங்க கையில ஸ்டீயரிங்கையே கொடுத்துட்டீங்க. எங்க ஸ்கூல் நோட்டீஸ்ல போட்டுக்கலாமா?"

"'அழைப்பு சாரதி அலறியது,'" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஆளே இல்லை, அலறல் மட்டும். நானும் இருபது பேய் எழுதிட்டேன், இப்படி ஒண்ணு அமையலை சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அத்தான், கொலைகாரனுக்கு முதல்ல என்ன பேர் வெச்சிருந்தீங்க?"

"மணி. எங்க மேனேஜருக்கும் அதே பேரு. வம்பு எதுக்குன்னு அச்சுக்குப் போற கடைசி நாள்ல சாரதின்னு மாத்திட்டேன்."

"எப்படி மாத்தினீங்க?"

"கம்ப்யூட்டர்லதான். எல்லாத்தையும் மாத்துன்னு ஒரே தட்டு."

"அது எல்லாத்தையும் மாத்திடுச்சு அத்தான்."

புத்தகத்தைத் திறந்து படித்துக் காட்டினேன். சாரதிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். என் கண்சாரதியே என்று கொஞ்சினாள். அந்தப் பெண்சாரதி வேறு யாருமில்லை, எதிர்வீட்டுப் பெண்மணி.

அக்கா வாயைப் பொத்தினாள். பொத்திய கையை மீறிச் சிரிப்பு வந்தது. "கண்சாரதியா? ஐயோ, என்னங்க இது!"

அத்தான் காது சிவந்தது. ஆனால் வக்கீலம்மா அசரவில்லை.

"எழுதினவர் நினைச்சாரா இல்லையாங்கறது வேற விஷயம். புத்தகத்துல இருக்கா, இல்லையா?"

"நான் போட்ட விமர்சனத்தை இருநூறு பேர் பார்த்தாச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர். "இப்போ போய் அச்சுப்பிழைன்னா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கடை திறக்கிறது?"

அத்தான் மூன்று முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பெட்டியையும் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் வெச்சேன்," என்றார். "இவன் கண்டுபிடிக்கிறானான்னு பார்க்கத்தான் தெரியாத மாதிரி இருந்தேன்."

கைதட்டினார்கள்.

"உன் பக்கத்துல என்ன மாப்ள எழுதப் போற?"

"நடந்ததை."

"அப்போ மாடியைக் காலி பண்ணிடு. எனக்கு எழுத எடம் வேணும்."

அக்கா அவரோடு சமையலறையில் கால்மணி நேரம் வாதாடினாள். சண்டை நடுவில் அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு என் வழக்கு முடிந்தது. ஒரு பையில் துணியும் இன்னொன்றில் நாவல்களுமாக நான் இறங்கியபோது சங்கம் கலைந்திருந்தது. வெளியே இன்னும் வெயில்.

"மீதிச் சாமானை எடுக்க நாளைக்கு எத்தனை சாரதிக்குடா வர்ற?" என்றாள் அக்கா. கண் கலங்கித்தான் இருந்தது.

"பத்து சாரதிக்கு."

அத்தான் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். படியிறங்கிய பிறகுதான் சொன்னேன். "பதினேழாம் அத்தியாயம் நல்லா இருக்கு அத்தான்."

லிஃப்ட் குழிக்குள் மாட்டிக்கொண்ட மெக்கானிக், கையில் போன் இருந்தும், மனைவியைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பக்கம். அத்தான் இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறார். அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சங்கத்தில் ஒருவரும் வாயே திறக்கவில்லை.

கதவு பாதியில் நின்றது.

"நிஜமாவா சொல்ற?"

"நான் எப்போ பொய் சொன்னேன்?"

தலையை வெளியே நீட்டினார். "அதுலயும் சாரதி வருதா?"

"பதினாலு எடத்துல."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.