காற்று புகும் இடம்

பச்சை விளக்கு விழுந்ததும் கார் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு நின்றுபோனது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பதற்றத்தில் கியரில் இருப்பதை மறந்து டீச்சர் சாவியைத் திருப்ப, கார் தவளை போல ஒரு துள்ளு துள்ளி மறுபடி அணைந்தது.

“கிளட்ச்ச பட்டுன்னு விடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது டீச்சர்?”

சொன்ன பிறகுதான் தன் குரல் ஏறியிருந்தது அவளுக்கே உறைத்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் தொழில். பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் பள்ளியில் கணக்கு எடுப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய கணவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் மதில்சுவரை வாசல் என்று நினைத்து காரைத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கார் உறைக்குள் நிற்கிறது. டீச்சர் ஓட்டினால்தான் இனி இருவருக்கும் வெளியே போக்குவரத்து.

வீட்டு வாசலில் இறங்கும்போது டீச்சர் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

“எனக்கு இது வராதும்மா. நாளைலேர்ந்து நான் வரல. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல.”

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திரும்பி வரும்போது அதே நாற்சந்தியில் சிவப்பு. நியூட்ரலில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் கைகளை வைத்து, டீச்சரிடம் நாளைக்கு என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கார் நடுங்கியது. விட்டுவிட்டு இரண்டு இருமல். பிறகு நிசப்தம். குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் கார்த் தரையில் சும்மா கிடந்தன. கிளட்ச்சுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவள் முகம் சூடேறியது.

நேராகத் தம்பியின் பட்டறைக்கு விட்டாள். அவன் கருவியைக் காரில் செருகி, திரையில் ஓடும் எண்களைப் பார்த்தான்.

“வண்டி லீனா, ஒல்லியா ஓடுதுக்கா. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி.”

“உன்ன மாதிரின்னு சொல்லு.”

மூங்கில் குச்சி போலிருந்த தம்பி சிரித்தான். “பெட்ரோல் பம்ப்பு போயிடுச்சோ?” என்று அவள் கேட்டதற்கு அவன் ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னான். மிதித்ததும் என்ஜின் சீராகப் பாடியது. விட்டதும் மறுபடி நடுக்கம்.

“பாத்தியா? பம்ப்புல கோளாறுன்னா வேகமா போறப்பதான் திணறும். இது சும்மா நிக்கிறப்பதான் திணறுது. எங்கயோ ஓட்ட விழுந்து, கணக்குல வராத காத்து உள்ள போகுது. வேகத்துல அது பெருசா தெரியாது.”

என்ஜினை அணைத்துவிட்டு, காற்று உள்ளே போகும் குழாயில் புகையைச் செலுத்தினான். ஓட்டை எங்கேயோ அங்கே புகை கசிய வேண்டும். இருவரும் பானட்டுக்குள் தலையை விட்டுக் காத்திருந்தார்கள். ஒரு கீற்றுகூட வரவில்லை. அவளுக்கு மறுபடி சந்தேகம் வந்தது. இன்று தன் காலுக்கே தெரியாமல் எதையாவது மிதித்துத் தொலைத்தோமா?

“எனக்கென்னமோ என்ஜின் ஆடுறப்பதான் அது வாயத் திறக்குதுன்னு தோணுதுடா,” என்றாள்.

தம்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒவ்வொரு ரப்பர் குழாயாகப் பிடித்து அசைத்தான். என்ஜினுக்குப் பின்புறம் வளைந்து போகும் ஒரு குழாயை அசைத்தபோது, அதன் அடிவயிற்றிலிருந்து வெள்ளையாக ஒரு இழை எழுந்தது. சோம்பலாக வளைந்து, அவள் மூக்குக்கு நேராக வந்து கலைந்தது. அவள் தும்மிக்கொண்டே சிரித்தாள்.

புதுக் குழாய் மாட்டியதும் கார் வேறு காராகிவிட்டது. திரையில் எண்கள் இறங்கி அடங்கின. பழைய குழாயை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“அது எதுக்குக்கா, அழுக்கு?”

“ஒருத்தர்கிட்ட காட்டணும்.”

மறுநாள் மாலை டீச்சர் வீட்டுக் கூடத்தில், வைத்த தேநீரைத் தொடாமல், அந்தக் குழாயை வளைத்துக் காட்டினாள். விரிசல் வாய் பிளந்தது.

“தப்பு உங்க கால்ல இல்ல டீச்சர். வண்டிலதான். இது தெரியாம நான்தான் உங்கள… மன்னிச்சிடுங்க.”

டீச்சர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரிசலை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“கேள்வியையே தப்பா அச்சடிச்சிட்டு, பிள்ளைய பெயிலாக்கினா எப்படி? இதுக்கெல்லாம் முழு மார்க் போடணும் மாஸ்டர்.”

“போட்டுடலாம்.”

“ஆனா அந்தத் தவளைத் துள்ளல் என்னோடதுதான்ல?”

“அது உங்களோடதுதான்.”

உள்ளிருந்து கணவரின் குரல் கேட்டது. “சட்டைய மாத்திக்கிட்டேன். நானும் வரேன்.” யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

அவர் மாஸ்டர் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டார். டீச்சர் தெருமுனைவரை மூச்சை அடக்கிக்கொண்டும், அதன்பிறகு கொஞ்சம் விட்டும் ஓட்டினார். நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது. பின்னாலிருந்து, “வண்டி ஓடுதா, அணைஞ்சிடுச்சா? சத்தமே காணோமே,” என்றார் கணவர்.

“ஓடுதுங்க,” என்றார் டீச்சர்.

பச்சை விழுந்தது. டீச்சரின் இடதுகால், தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவது போல, கிளட்ச்சிலிருந்து மெல்ல எழுந்தது. வீட்டுக்குத் திரும்ப இடப்பக்கம் போக வேண்டும். டீச்சர் திருப்பவில்லை. இருபக்கமும் மரங்கள் நின்ற அந்த நீளச் சாலையில் கார் நேராகப் போனது. பின் இருக்கையில் அவர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எதிர்க்காற்றை விரல்களால் அளைந்துகொண்டே வந்தார்.