பாதி மீசை

மாமனாரைப் போர்க்கப்பலுக்கு அழைத்துப் போகலாம் என்று மருமகள் சொன்னபோது வீட்டில் எல்லாருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. பெற்ற பெண் எனக்கே தோன்றவில்லையே என்று நாத்தனார் போனிலேயே உருகினாள். மருமகளின் மனசில் இருந்தது தெரிந்திருந்தால் அப்பாவை அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பாள்.

மாமனாருக்கு அந்தத் தெருவில் பீரங்கி என்று பெயர். பேச்சும் அப்படி, மீசையும் அப்படி. வாலிபத்தில் அந்தக் கப்பலில் பெரிய பீரங்கிக்குக் குண்டு ஏற்றியவர். அது பொய்யில்லை, சத்தியமான உண்மை. போரில் அந்தக் கப்பல் அடிபட்டும் மூழ்காமல் திரும்பிய கதையை அவர் வாயால் கேட்காத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. பீரங்கிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் கதை நாலு வீட்டுக்குக் கேட்கும். எந்த வாக்குவாதமானாலும் கடைசியில் ஒரே சபதம்தான்: நான் சொன்னது தப்பென்றால் பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன். தபால்காரரிடமும் சபதம், குழாய் ரிப்பேர்காரரிடமும் சபதம். இத்தனை வருஷத்தில் மீசைக்கு ஒரு சேதமும் வந்ததில்லை. தோற்றுப்போனால் அன்றைக்குக் காது முழுசாகவே கேட்காமல் போய்விடும், அவ்வளவுதான்.

அந்தச் சபதத்தை அவர் அவளுடைய கல்யாண விருந்திலும் செய்தார். அதைத்தான் அவள் மறக்கவில்லை.

அவளுடைய அப்பா முடிதிருத்துபவர். கடைத்தெருவில் ஒரு சலூன் வைத்திருந்தார். அதற்கு முன்னால் அதே கப்பலில் மாலுமிகளுக்கு முடிவெட்டிச் சவரம் செய்தவர். பிள்ளைகள் இருவரும் காதலித்துத் தாங்களே நாள் குறித்துக்கொண்டதால் சம்பந்திகள் விருந்தில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “டேய் குருவி” என்று ஓடிப் போய்க் கையைப் பிடித்தார். கப்பலில் பீரங்கிக்கு அதுதான் பெயராம், அவ்வளவு ஒல்லி. குருவி கையை உருவிக்கொண்டது. அப்பா பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனதும் பீரங்கி எழுந்துவிட்டார். முடிவெட்டுகிறவர் வீட்டில் சம்பந்தம் செய்ததே அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. அந்த ஆளோடு ஒன்றாகக் குப்பை கொட்டியதும் வெளியே தெரிந்தால் என்ன ஆவது?

“யாருய்யா நீ? என் கப்பல்ல உன்ன மாதிரி ஒருத்தனும் இல்ல” என்றார், கூடம் முழுக்கக் கேட்க. “இந்த ஆளு அந்தக் கப்பல்ல இருந்தான்னு எவனாவது நிரூபிச்சா, பாதி மீசைய எடுத்துக்கறேன்.”

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், வேறு வழி தெரியாமல். பிறகு சாப்பிடாமலேயே கையைக் கழுவிக்கொண்டு போய் ஓரமாக நின்றார். சாப்பிடாத கையை எதற்குக் கழுவினார் என்று அவளுக்கு இன்றைக்கும் புரியவில்லை. அந்த ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அவர் நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும். அன்றிலிருந்து அப்பா கப்பல் பேச்சையே எடுக்கவில்லை.

கப்பல் ஓய்வு பெற்றுக் காட்சிக்கு வந்தது. கரையில் நினைவிடம் கட்டி, நீளமான கல் சுவரில் கப்பலில் இருந்தவர்களின் பெயரைச் செதுக்கினார்கள். சமையல்காரர், சலவைக்காரர், முடிதிருத்துபவர் பெயர்கள் மட்டும் இல்லை. அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்றார்கள். பிறகு யாருக்கோ மனசு உறுத்தி, போருக்குப் போன பயணத்தில் இவர்களும் இருந்தார்கள் என்று பழைய மாலுமி ஒருவர் நேரில் வந்து சொன்னால் பெயரைச் சேர்க்கிறோம் என்று அறிவித்தார்கள். நேரில் வந்து சொல்லும் நிலையில் இருந்த ஒரே மாலுமி பீரங்கிதான். அப்பா தடுத்தும் கேட்காமல் அவள் மாமனாரிடம் போய்க் கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அதே சபதத்தைத் திருப்பிச் சொன்னார். அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சாவுக்கு வந்த பீரங்கி வாசலோடு திரும்பிவிட்டார்.

அப்பாவின் சலூனை இப்போது அவள் நடத்துகிறாள். கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான். அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. சவரம் செய்யும்போது வாயால் எதையும் சொல்ல மாட்டார். தோளில் இரண்டு தட்டு தட்டினால் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். ஒரு தட்டு என்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். உள்ளங்கையைத் தோளில் வைத்து அழுத்தினால் முடிந்தது, எழுந்திருக்கலாம். கப்பலில் பீரங்கிக்காரர்களுக்குக் காது அடைத்துக் கிடக்கும், சொன்னால் கேட்காது, தரையும் ஆடிக்கொண்டே இருக்கும், அதற்காக அப்பா தானே உண்டாக்கிக்கொண்ட வழி அது. வேறு எந்தச் சலூனிலும் அது கிடையாது. அவளும் அப்படித்தான் செய்வாள். புதிதாக வருகிறவர்கள் தட்டினதும் திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவளுடைய சின்ன மகள் பிஸ்கட் கேட்டு அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினாள். மனுஷன் கண்ணைத் திறக்கவில்லை. முகவாயை உயர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு சிலை மாதிரி இருந்தார். குழந்தை இன்னொரு தட்டு தட்டினாள். கன்னம் மெதுவாகத் திரும்பியது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்தத் தோளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்குத்தான் கப்பலுக்குப் போகும் யோசனை பிறந்தது.

காதும் காதும் வைத்தாற்போல ஏற்பாடு செய்தாள். நினைவிடத்தின் மேலாளர் ஒரு பெண்மணி. அவளிடம் பலமுறை பேசியதில் தெரிந்தது, கப்பலுக்குள் சலூன் அறை அப்படியே இருக்கிறது, தரையில் முடுக்கிய நாற்காலியோடு. மாலுமிகளின் குடும்ப நாளில் பழைய வேலைகளைச் செய்து காட்டுவார்கள். சமையல் கூடத்தில் ரொட்டி சுடுவார்கள், சலூன் மட்டும் ஆளில்லாமல் சும்மா கிடக்கும். நான் செய்து காட்டுகிறேன் என்றாள் இவள். கத்தியை உள்ளே விட மேலாளர் முதலில் பிடி கொடுக்கவில்லை. கடைசியில், நாற்காலியில் உட்காருபவர் அந்தக் கப்பலின் மாலுமியாக இருந்து அவரே சம்மதித்தால் சரி என்று இறங்கி வந்தாள். அந்த நிபந்தனையைக் கேட்டதும் மருமகளுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வேன் பேசினாள். கல்யாணத்தில் சிரித்த சொந்தக்காரர்களில் உயிரோடு இருந்த அத்தனை பேரையும் விரட்டி விரட்டி அழைத்தாள். முழங்கால் வலி என்ற பெரியம்மாவுக்கு முன் சீட்டு, வாந்தி வரும் என்ற சித்தப்பாவுக்கு ஜன்னல். முதலில் பீரங்கி மேடை, அப்புறம் சாப்பாடு, சலூன் கடைசியில் என்று வரிசையையும் அவளே போட்டாள். மனுஷன் நன்றாக உப்பிய பிறகு ஊசி போட்டால்தான் சத்தம் கேட்கும். புருஷன் மட்டும் ஒரு ராத்திரி அவள் முகத்தைப் பார்த்து, எங்கப்பா மேல உனக்குத் திடீர்னு என்ன பாசம் என்று கேட்டான். கப்பலைப் பார்க்கணும்னு ஆசை என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். பாவம், நல்லவன். நல்லவர்களை இந்த மாதிரி விஷயத்தில் சேர்க்கக் கூடாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாமனார் மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, அந்தச் சலூன் பக்கமெல்லாம் போக வேண்டாம், அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றார். போகிற வழியில்தான் இருக்கிறதாம் மாமா என்று அவள் தலைகுனிந்து சொன்னாள். அப்போது அப்பாவின் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பீரங்கி மேடையில் மாமனார் ஒரு ராஜ்ஜியமே நடத்தினார். முன்பின் தெரியாத குடும்பங்கள்கூட வந்து போட்டோ எடுத்துக்கொண்டன. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் குறுகலான படிகளில் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். சலூன் சின்ன அறை. மாமியாரும் நாத்தனாரும் உள்ளே நின்றார்கள், மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கப்பலில் வேலை பார்த்தவர் மட்டும்தான் இந்த நாற்காலியில் உட்காரலாம், அப்படி யாராவது இருக்கிறீர்களா என்று மேலாளர் கேட்டாள். எல்லா முகமும் பீரங்கியைப் பார்த்துத் திரும்பியது. மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? அவர் செருமிக்கொண்டு போய் உட்கார்ந்தார். சும்மா ஒரு சவரம்தானே, செய்யட்டும் என்று பெருந்தன்மையாகச் சம்மதமும் சொன்னார்.

கழுத்தில் துணியைக் கட்டிய கை யாருடையது என்று கண்ணாடியில் பார்த்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்திருக்க வழியில்லை. வாசலில் ஊரே நின்றது.

அவள் நிதானமாக நுரை தடவினாள். கத்தியை விரித்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தோளில் இரண்டு தட்டு தட்டினாள். முகவாய் உயர்ந்தது, மூச்சு நின்றது. தொண்டையை ஒட்டிக் கத்தி மேலே போனது. இவர் தொண்டையை இவ்வளவு பக்கத்தில் பார்ப்போம் என்று அவள் நினைத்ததேயில்லை. ஒரு தட்டு. கன்னம் திரும்பியது. மறுபடி இரண்டு. மறுபடி மூச்சு நின்றது.

அட, சொல்லாமலேயே செய்யறாரே என்றார் வாசலில் நின்ற சித்தப்பா. அது எப்படி என்று மேலாளர் கேட்டாள். மருமகள் கத்தியைத் துடைத்துக்கொண்டே எல்லாருக்கும் சொன்னாள். இது என் அப்பா உண்டாக்கின முறை, அவரைத் தவிர யாரும் இப்படிச் செய்ததில்லை, மாமா என் சலூன் படியை இன்றுவரை மிதித்ததில்லை என்றாள்.

“அப்ப இத உங்களுக்கு யாரு பழக்கினது, மாமா?”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். காது கேட்காதது போல இருக்கப் பார்த்தார். அப்போது மாமியார் வாயைத் திறந்தாள்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கறேன். தூக்கத்துல ரெண்டு தட்டு தட்டி எழுப்பினா மூச்ச அடக்கிட்டு அப்படியே கெடப்பாரு. எம்மேல கோபம்னு நெனச்சு எத்தன நாள் அழுதிருக்கேன்.”

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். நுரை காய்ந்துகொண்டிருந்தது. அப்புறம் அவர் பேசினார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

“இவ அப்பன்தான். இதே நாற்காலியிலதான். போருக்குப் போனப்பவும் இருந்தான். இந்த மீசைய முதமுதல்ல ஒதுக்கி விட்டதும் அவன் கைதான்.”

மேலாளர், இது போதும், சுவரில் பெயர் வந்துவிடும் என்றாள். புருஷன் பெருமூச்சு விட்டான். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியின் கையைப் பிடிக்க வந்தாள். நல்ல மருமகள் என்று பெயர் வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அவளுக்கும் அது தெரிந்தது. அப்பாவின் பெயர் கல்லில் இருக்கப்போவதை நினைத்துக் கண் நிறைந்தது. ஆனால் அந்தப் பெயர் சுவரில் ஏறுவதால் அன்றைக்குப் பசியோடு ஓரமாக நின்றவர் வயிறு நிறைந்துவிடுமா?

“இன்னொண்ணு பாக்கி இருக்கு, மாமா” என்றாள்.

தோளில் இரண்டு தட்டு தட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை இழுத்துக்கொள்ளலாம், கையால் தடுக்கலாம், கத்தலாம். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். ஒரே இழுப்பில் இடது பக்கத்து மீசை துணியில் விழுந்தது. கல்யாணத்தில் சிரித்தவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவள் அதற்குத்தானே அவர்களை வேன் வைத்து அழைத்து வந்திருந்தாள்.

அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் பீரங்கி, ஒரு பக்கம் குருவி.

“மிச்சத்தையும் எடுத்துடும்மா” என்றார் மெதுவாக. “இப்படியே எப்படி வெளிய போவேன்?”

அவள் கத்தியைத் துடைத்து மடித்தாள்.

“பந்தயம் பாதிக்குத்தான், மாமா.”

உள்ளங்கையை அவர் தோளில் வைத்து அழுத்தினாள். அவர் எழுந்துகொண்டார்.