கல்யாணப் படத்தில் மங்கிய அக்கா

தம்பியின் கல்யாணப் படம் எடுத்த மத்தியானத்திலிருந்து அக்கா மங்கலாகவே இருந்தாள். படத்தில் மட்டுமல்ல, நேரிலும்தான். மூக்கு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. குரல் மட்டும் பழையபடி கணீரென்று இருந்தது.

படக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வருஷம் ஊரே மங்கலுக்குப் பைத்தியமாக இருந்தது. முன்னால் நிற்பவர் பளிச்சென்று வர, பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிப்போனால்தான் அது படம். மரங்களும் தெருவிளக்குகளும் பிடிக்காத சித்தப்பாக்களும் அழகான வண்ணத் திட்டுகளாகப் பின்னால் மிதந்தார்கள். மற்றவர்களெல்லாம் ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டார்கள். அக்கா தெளியவில்லை, பின்னால் நிற்பது அவளுக்குப் பழகிய இடம் என்பதாலோ என்னவோ.

அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கியவள் அவள். மங்கிய கையிலும் தையல் நேராகத்தான் ஓடியது. துணி கொடுக்க வந்தவர்கள் குரல் வந்த பக்கம் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்கள். அதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற தம்பி அவள் எதிரிலேயே நின்றுகொண்டு, "அக்கா எங்க போயிட்டா?" என்று மனைவியிடம் கேட்பானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கண்ணு முன்னாடிதான்டா நிக்கிறேன்" என்பாள். அவன் ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டுவான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் போய்த் தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னாள். கேமரா அவளைத் தேடித் தேடி, கடைசியில் பின்சுவர்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டது. படக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"கேமராவுக்கு நீங்க சிக்க மாட்டேங்கறீங்கம்மா. பளிச்சுனு இருக்கற ஒருத்தர் உங்க பக்கத்துல, ஒரே வரிசையில நிக்கணும். அவரைப் பிடிச்சா நீங்களும் சேர்ந்து வந்துடுவீங்க."

"அன்னிக்கே என்னை அவன் பக்கத்துல நிறுத்தியிருக்கலாமே?"

"கூப்பிட்டேனேம்மா. நீங்கதான் 'நான் பின்னாடி நின்னுக்கறேன்'னு போனீங்க."

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டுக் கேட்டாள்: "ஒரே ஒரு படத்துக்கு என் பக்கத்துல வந்து நில்லுடா."

ஸ்டுடியோவுக்கு வந்தான். வந்தவன் பழக்கதோஷத்தில் அவளுக்கு முன்னால் போய் நின்றான். மனைவிதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பின்னாடி வாங்க. அக்கா பக்கத்துல நில்லுங்க."

அவன் இரண்டடி பின்னால் வந்து தோளோடு தோள் நின்றான். கேமரா அவனைப் பிடித்தது. தோளிலிருந்து ஆரம்பித்து, கழுத்து, கன்னம், காது என்று அக்கா ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தாள். அவன் திரும்பி அவளையே பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"என்னக்கா, இந்த ஆறு மாசத்துல இப்படி நரைச்சுப்போச்சு?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியே நரைச்சுடுச்சுடா."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்களுக்குப் பின்னால் இருந்த கடிகாரம் அன்று மங்கியது, இன்றுவரை தெளியவில்லை. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் படக்காரரிடம் மணி கேட்டுக்கொள்கிறார்கள்.