மான் வேட்டைக்கு ஒரு முகவரி

1

இதில் கையெழுத்துப் போட்டால், அம்மா சாகும்போது நீயும் இந்த வீட்டில் இருந்தாய் என்று ஆகிவிடும்.

பிபியானா இப்படி நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. நினைப்பு நான் வைத்தது. கிரீன்லாந்தின் இந்தக் கடலோர ஊரில் பதினாறு வருடமாக அவளுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறேன். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி வந்திருந்தான். வேட்டை உரிமத்துக்கு ஒரு கையெழுத்து கேட்டான்." மற்றதெல்லாம் என் இட்டுக்கட்டல்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆகஸ்ட் மாத மலைகள் செம்மை பூசிக்கொண்டு...' வேண்டாம். இங்கே யாரும் மலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில்லை. மேலே மான் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

பிறகு விதியிலிருந்து தொடங்கினேன். துருவமான் சுட உரிமம் வேண்டும். உரிமத்துக்கு இரண்டு வருடம் தொடர்ந்து இங்கே குடியிருந்திருக்க வேண்டும். தம்பி ஏனோக் இங்கே பிறந்தவன். அக்காவிடம் இருக்கும் அதே கடவுச்சீட்டுதான் அவனிடமும். ஆனால் ஒன்பது வருடமாக டென்மார்க்கில் வேலை. வெளிநாட்டாரைப் போல வழிகாட்டியோடு போகலாம். போவானா?

(அவனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். முடியவில்லை. அப்பாவின் பழைய தொலைநோக்கியைத் துடைத்துப் பையில் கொண்டுவந்திருக்கிறான்.)

3

சமையலறை. இரண்டு கோப்பைக் காபி.

"அப்பா நடந்த பாதைய எனக்குக் காட்ட ஒரு வழிகாட்டியா? நான் என்னக்கா, கப்பல்ல வந்து எறங்குற டூரிஸ்டா?"

"நேத்து நீயுந்தான் பனிப்பாறையப் போட்டோ எடுத்துக்கிட்டு நின்னே."

சிரித்துவிட்டான். "என்னோட மொத மான் ஞாபகமிருக்கா? அம்மா ஊர் பூராவும் பங்கு போட்டுட்டா. எனக்குக் கொம்புதான் மிச்சம்."

"மொத மானை ஊருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க? அதுக்குப் போய் அழுதே."

"நீயும் அழுதே!"

"உன் கொம்பையும் நாந்தானே படகு வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். தோள் வலிடா."

கதையை இங்கேயே விட்டுவிடத் தோன்றியது. குத்துச்செடி எரிந்த புகை, பாறைமேல் காயும் இறைச்சி, கொசுவலைத் தொப்பிக்குள்ளிருந்து இருவரையும் ஒரே பெயரில் அதட்டும் அம்மா. அந்தப் பழைய வேட்டை முகாமில் யாரும் யாரிடமும் முகவரி கேட்கவில்லை.

ஏனோக் தாளை நகர்த்தினான். இரண்டு வருடமாகத் தம்பி தன் வீட்டில்தான் இருக்கிறான் என்று அக்கா தரவேண்டிய உறுதிமொழி.

"ஒரே ஒரு மான்க்கா. ஒம்பது வருஷமா கனவுலதான் சுடறேன்."

"பக்கத்து வீட்டு ஆளுங்க போறாங்க. கூடப் போய்த் தூக்கிட்டு வா."

"சுமை தூக்கவா?"

"நான் தூக்கலயா?"

4

(அம்மா படுக்கையில் கிடந்து போன அந்த இரண்டு வருடங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மட்டும் இருக்கட்டும்: கடைசி மாதங்களில் கதவு அசையும்போதெல்லாம் அம்மா "ஏனோக்கா?" என்பாள். "காத்தும்மா" என்பாள் பிபியானா. அப்புறம் எழுந்து போய்க் கதவை இறுக்கிச் சாத்துவாள்.)

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவள் கையெழுத்துப் போட்டாள். இறைச்சி வந்தது, தொண்டையில் இறங்கவில்லை. இன்னொன்றில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அது நான், அவள் இல்லை.

இந்த ஊரில் ஆமாம் என்றால் புருவத்தை உயர்த்துவார்கள். இல்லை என்றால் மூக்கைச் சுருக்குவார்கள். வார்த்தை செலவில்லை. டென்மார்க்கில் எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். ஏனோக்குக்கு இது மறந்துபோயிருக்குமா? புரிந்தால் என்ன செய்வான், புரியாவிட்டால் என்ன செய்வான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வருடம் அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

என்னால் எழுத முடிந்தது இதுவரைதான்:

"போடறியாக்கா?"

பிபியானா தாளைக் கடைசி வரி வரை படித்தாள். பேனாவை மூடி அவன் பக்கம் வைத்தாள். அம்மாவைப் போலவே மூக்கை லேசாகச் சுருக்கிவிட்டு, ஆறிப்போன காபியைச் சூடாக்க எழுந்தாள்.