பம்புசெட்டில் நின்ற கார்

திண்டிவனத்தில் பாட்டரிக் கடை வைத்திருந்த ஜெகபர் அலி, 1962-இல் ஒரு பழைய ஆஸ்டின் காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பொருத்தினார். பின்சீட் இருந்த இடத்தில் லாரி பாட்டரிகளை அடுக்கிப் பலகை மூடி போட்டார். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பத்துப் பன்னிரண்டு மைல் ஓடும். பிறகு கரண்டு இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தி, கூடவே கொண்டுபோகும் சார்ஜர் பெட்டியை மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படி நின்று நின்றே மெட்ராஸ் வரை போய்வந்திருந்தார்.

அன்று மனைவி ஹாஜிரா பீவியோடு விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். விக்கிரவாண்டிக்கு முன்னாலேயே வண்டி தளர்ந்துவிட்டது. ரோட்டோரம் பெரியதம்பியின் பம்புசெட். முன்பின் தெரியாத ஆள்தான்; கேட்டதும் சம்மதித்தார்.

"மாட்டிக்குங்க பாய். கரண்டு இருக்கறப்போ ஏத்திக்கினு போங்க."

அவர் மனைவி அம்சா கேப்பைக் கூழ் கொண்டுவந்தாள். வேப்பமரத்தடியில் எல்லோரும் குடித்தார்கள். பம்பு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது; பக்கத்தில் காருக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஜெகபர் அலிக்குக் கண் சொக்கியது.

பெரியதம்பி பீடி பற்றவைத்துக்கொண்டு காரைச் சுற்றிவந்தார். "உள்ள எத்தினி பாட்டரி கீது?" என்று தனக்குத்தானே கேட்டபடி பலகையைத் தூக்கிக் குனிந்தார்.

வெடிச்சத்தம் கேட்டு ஜெகபர் அலி எழுந்தபோது பெரியதம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டுகொண்டிருந்தார். அம்சா முந்தானையால் துடைக்க ஓடினாள்.

"துடைக்காதம்மா! ஆசிட்டு!" ஹாஜிரா பீவி கத்தினாள். வீட்டுக்கு வெளியே வேற்று ஆணிடம் பேசியறியாதவள், அவர் தோளைப் பற்றி இழுத்துப்போய், தண்ணீர் கொட்டும் குழாயடியில் தலையைப் பிடித்தாள். "கண்ணத் தொறங்கண்ணே! எரிஞ்சாலும் தொறங்க!"

ஜெகபர் அலி நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னங்க, நிக்கிறீங்களே! லாரி எதுனா வருதா பாருங்க, ஜல்தி!"

வேர்க்கடலை மூட்டை ஏற்றிவந்த லாரியில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உடனே கழுவியதால் வலது கண் தப்பியது என்றார் டாக்டர். இடது கண் போய்விட்டது.

மறுநாள் ஜெகபர் அலி கட்டில் அருகே உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கட்டோடு பெரியதம்பி கேட்டார்:

"பாய், அது ஏன் வெடிச்சுது?"

"சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலேர்ந்து ஒரு வாயு வரும். மூடிக்குள்ள தேங்கி நிக்கும். நெருப்புப் பட்டா வெடிக்கும்."

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

பெரியதம்பியின் குரலில் கோபம் இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா பீடியத் தூரப் போட்டிருப்பனே, பாய்."

ஜெகபர் அலி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கட்டிலின் மறுபக்கம் நின்ற அம்சா ஜெகபர் அலியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.