நாலு விரல் உயரம்

"இடது காலைத் தூக்குங்க. அவ்வளவுதான்." அவள் கணவரின் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். படுக்கையறை நடுவில், நின்ற இடத்திலேயே மிதிக்கும்படி பின்சக்கரம் தாங்கியில் பூட்டப்பட்டு, அவளுடைய புது ரேஸ் சைக்கிள் நின்றது. வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காத மனிதர், அதில் ஏறியே தீருவேன் என்று காலையிலிருந்து ஒற்றைக் காலில் நின்றார்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் பெயர் கொடுத்திருந்த முன்னூறு கிலோமீட்டர் சைக்கிள் சவால். 'நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீ போகணும்' என்று நேற்று அவர் சொன்னபோது அவள் மருந்தை எடுத்து நீட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். எந்த முகத்துக்கு எந்த ஃப்ரேம் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். மனைவிக்குச் செருப்பு வாங்கினால் மட்டும் அளவு தப்பும். சைக்கிள் கடையிலிருந்து அவள் வீடியோவில் காட்டக் காட்ட, படுத்தபடியே எல்லாவற்றிலும் தலையிட்டார். எடை குறைந்த கார்பன் சட்டம் என்றார். அவள் அடி தாங்கும் அலுமினியத்தை எடுத்தாள். மெத்தென்ற அகல சீட் என்றார்; தொலைதூரத்துக்கு அது தொடையை உரசும் என்று ஒல்லியானதை எடுத்தாள். மேடு ஏறுவதற்காக அவள் கேட்ட பெரிய கியர் சக்கரத்தை, கிழவிகள் சமாச்சாரம் என்று கேலி செய்தார். கைப்பிடியில் சுற்றும் நாடா மட்டும் அவர் இஷ்டப்படி மஞ்சளாக வந்தது. அதற்கே தேர்தலில் ஜெயித்தவர்போல் சிரித்தார்.

அவர் அவளைவிட நாலு விரல் குட்டை. இப்போது அவருக்காக அவள் சீட்டை இறக்கினாள்.

"கல்யாண போட்டோவுல உங்க வீட்டுல எனக்கு நிக்கப் பலகை போட்டீங்க. இப்ப சீட்டை இறக்குறியா?"

"பேசாம ஏறுங்க."

ஏறி உட்கார்ந்தவர் முகத்தைச் சுளித்தார். "இதுலயா முன்னூறு? கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்கு."

பிறகு மிதித்தார். சக்கரம் அசைந்தது, சுழன்றது, மெல்ல இரைந்தது.

"கையை எடு."

அவள் எடுத்தாள். எடுத்த கையை அவர் முதுகுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"மேடு வருது. அந்தப் பெரிய சக்கரத்தைப் போடு." அவள் கியரை மாற்றினாள். அவர் கால்கள் லேசாகச் சுற்றின. "நல்லாத்தான் இருக்கு. நீ எடுத்தது சரி."

இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அவள் அதைக் கேட்டதில்லை. அவளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை போறல்ல?"

"போறேன்."

மதியம் அசந்து தூங்கினார். விளக்கேற்றும் நேரத்தில் அவள் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்று அவள் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்த நிலைமையில போறியாம்மா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அவர்கிட்ட போறேன்னு சொல்லிட்டேண்ணா."

ஞாயிறு காலை சைக்கிளைத் தன் காரில் ஏற்றிவந்து தொடக்கக் கோட்டில் இறக்கிவைத்தது அண்ணன்தான்.

மிதிக்கத் தொடங்கியதும் அவளுக்கு முழங்கால்கள் அளவுக்கு மேல் மடங்கின. அவர் ஏறிய நாளுக்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொட்டிருக்கவே இல்லை.

பக்கத்தில் வந்த பெண் சொன்னாள், "அக்கா, சீட் ரொம்பக் கீழ இருக்கு. நிறுத்தி ஏத்திக்குங்க."

"தெரியும்மா. இந்த மேடு முடியட்டும்."

மேடு நீளமாக இருந்தது. அவள் பெரிய சக்கரத்தைப் போட்டாள். முழங்கால் வலித்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது, கால் மட்டும் நிற்கவில்லை. மூச்சு வாங்கி இறங்கித் தள்ளியவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினாள். உச்சியில் யாரோ கை தட்டினார்கள்.

ஓரமாக நிறுத்தி, பையிலிருந்து மிச்சமிருந்த மஞ்சள் நாடாவை எடுத்தாள். சீட்டுக் கம்பியில், அவர் அளவுக்கு அது சட்டத்துக்குள் இறங்கியிருந்த இடத்தில் ஒரு சுற்று ஒட்டி, விரலால் அழுத்தினாள். பிறகு திருகாணியைத் தளர்த்தி சீட்டை நாலு விரல் மேலே ஏற்றினாள். எதிரே இறக்கம்.